ராணி அடக்குகிறாளா, மற்றவை காத்திருக்கின்றனவா?

கேள்வி இது: "மீர்கேட் கூட்டத்தில் ஒரே ஒரு பெண்தான் குட்டி போடுகிறது, மீதி எல்லாம் ஆயா வேலை பார்க்கின்றன என்கிறார்கள். சிங்கக் கூட்டத்திலோ எல்லாப் பெண் சிங்கங்களும் குட்டி போடுகின்றன. ஏன் இந்த வித்தியாசம்? ஆயா வேலை பார்ப்பவை இதற்கு எப்படி ஒத்துக்கொள்கின்றன?"

மீர்கேட் என்பது ஆப்பிரிக்காவில் கூட்டமாக வாழும் சின்னக் கீரி வகை. "ஒத்துக்கொள்கின்றன" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பல இடங்களில் அவை ஒத்துக்கொள்ளவே இல்லை. சந்தர்ப்பம் கிடைத்தால் தாங்களும் குட்டி போடுகின்றன, முட்டையிடுகின்றன. அதற்காக அடி வாங்குகின்றன, துரத்தப்படுகின்றன, பிள்ளையைப் பறிகொடுக்கின்றன. வேறு சில இடங்களில் யாரும் யாரையும் அடக்குவதாகவே தெரியாது, ஆனாலும் ஒன்றுதான் முட்டையிடும். இரண்டுக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி "எது பலசாலி" என்பதல்ல. "ஒன்று பெற்றதை இன்னொன்றால் கண்டுபிடித்து அழிக்க முடியுமா? அடங்கிப்போகிற விலங்கு வெளியே போனால் அதற்கு என்ன கிடைக்கும்?" இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் உடல் பலத்துக்கு வருவேன்.

முதலில், பிள்ளைப்பேற்றில் ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பதை எப்படி அளப்பது என்று பார்ப்போம். கூட்டத்தில் 4 பெண்கள், மொத்தம் 20 குட்டிகள், பங்கு 17, 2, 1, 0 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெண்ணின் பங்கையும் பின்னமாக்கி (0.85, 0.10, 0.05, 0) வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.735. ஒன்றை அதால் வகுத்தால் 1.36. அதாவது நான்கு பெண்கள் இருந்தும், கணக்குக்கு ஏறக்குறைய ஒன்றே கால் பெண்தான் பெற்றிருக்கிறது. பெண்களின் எண்ணிக்கையிலிருந்து இதைக் கழித்து, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வரும் எண்ணால் வகுத்தால் (4 − 1.36) ÷ 3 = 0.88. இதுதான் ஏற்றத்தாழ்வுக் குறியீடு. எல்லாம் சமம் என்றால் 0, ஒன்றே எல்லாவற்றையும் பெற்றால் 1. அதே 20 குட்டிகள் 6, 5, 5, 4 என்று பிரிந்தால் 0.03 வரும்.

இதில் எல்லோரும் ஒரு தடவையாவது வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 4 பெண்கள், 4 குட்டிகள், பங்கு 2, 1, 1, 0 என்றால் குறியீடு 0.44. பார்ப்பதற்குப் பெரிய ஏற்றத்தாழ்வு. ஆனால் நாலு குட்டிகளையும் குலுக்கல் முறையில் நாலு தாய்களுக்குப் பகிர்ந்தாலே இந்தப் பங்கீடு 100-க்கு 56 தடவை வரும். ஆளுக்கு ஒன்று என்று சரியாக அமைவது 100-க்கு 9 தடவைதான். எனவே சின்னக் கூட்டம், குறைந்த குட்டிகள் என்றால், குலுக்கலில் எவ்வளவு வரும் என்பதைக் கழித்த பிறகே பேச வேண்டும். இன்னொரு வழுக்கல், இணை சேர்ந்ததை எண்ணுவது. யார் யாரோடு சேர்ந்தது என்பது வேறு, பிறந்தது யாருடையது என்பது வேறு. தாய், தகப்பனை டிஎன்ஏ வைத்துத்தான் சொல்ல முடியும். அதிலும் ஓட்டை இருக்கிறது. மீர்கேட் குட்டிகள் முதல் மூன்று வாரம் போல வளைக்குள்தான் இருக்கும், அதற்குள் கொல்லப்பட்டவற்றின் டிஎன்ஏ கிடைக்கவே கிடைக்காது. வெளியே வந்த குட்டிகளை மட்டும் எண்ணினால் "மற்ற பெண்கள் பெறவே இல்லை" என்று தோன்றும். உண்மையில் பெற்றிருக்கலாம், பிள்ளை தங்கியிருக்காது.

இப்போது நம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒன்று. தென்னிந்தியாவில் ஜன்னல் மேல்விளிம்பிலும் கூரை இடுக்கிலும் காகிதம் போன்ற சின்னக் கூடு கட்டும் குளவி, ரோபாலிடியா மார்ஜினேட்டா. செடி நாரை மென்று எச்சிலோடு குழைத்துக் கட்டுவது. மேலே உறை கிடையாது, அறைகள் திறந்தே இருக்கும். அதனால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியில் தெரியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாக இதைத்தான் பார்த்துவருகிறார்கள். ஒவ்வொரு குளவியின் முதுகிலும் சீக்கிரம் காயும் பெயின்ட்டில் வெவ்வேறு நிறப் புள்ளி வைத்துவிட்டால், எது உட்கார்ந்திருக்கிறது, எது சண்டை போடுகிறது, எது இரைக்குப் போகிறது என்று நாள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதியதில், 1983-இல் வெளியான ஆய்வில் கூட்டத்துப் பெண்கள் மூன்று வகையாகப் பிரிந்தன: உட்கார்ந்திருப்பவை, சண்டைக்காரிகள், இரைதேடிகள்.

ராணி எந்த வகையில் இருந்திருக்கும்? சண்டைக்காரி என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை, அது உட்கார்ந்திருப்பவற்றில் ஒன்று. யாரையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை. புதிதாகப் பார்ப்பவருக்கு எது ராணி என்றே தெரியாது, அது அறைக்குள் வயிற்றை விட்டு முட்டையிடும்போதுதான் தெரியும். அதே பேரினத்தைச் சேர்ந்த ரோபாலிடியா சயாத்திஃபார்மிஸில் கதை வேறு. அங்கே ராணி நிஜமாகவே அடாவடிக்காரி. இவ்வளவு நெருங்கிய சொந்தங்களிடையே ஒன்று கம்பால் ஆள்கிறது, இன்னொன்று கம்பே இல்லாமல் ஆள்கிறது.

கம்பு இல்லாமல் எப்படி? மார்ஜினேட்டா ராணி அவ்வப்போது வயிற்றின் நுனியைக் கூட்டின் மேல் தேய்த்துக்கொண்டு நடக்கும். டூஃபோர் சுரப்பி என்ற சின்னச் சுரப்பியிலிருந்து வரும் பொருள் கூட்டில் படிகிறது. நான் இருக்கிறேன், எனக்கு முட்டையிடும் தெம்பு இருக்கிறது என்பதற்கான வாசனை அறிவிப்பு. அது ஆவியாகிக் குறையும், எனவே திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். ராணியை எடுத்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் வேலைக்காரக் குளவி ஒன்றுக்கு ஆவேசம் வந்துவிடும். எதிரில் வருவதையெல்லாம் கடிக்கும், பிடித்து அமுக்கும். இதுதான் அடுத்த ராணி. ராணியின் சுரப்பிப் பொருளை எடுத்துக் கொடுத்துப் பார்த்தபோது அந்த ஆவேசம் தணிந்தது. ராணியைத் திரும்ப விட்டால் ஆவேசக்காரி பழையபடி வேலைக்காரி ஆகிவிடும். ராணியை விடவில்லை என்றால், நாளாக ஆக ஆவேசம் வடியும், சினைப்பை வளரும், ஒரு வாரம் போல ஆனதும் முதல் முட்டை விழும். பிறகு அதுவும் முந்தைய ராணி மாதிரியே சாதுவாக உட்கார்ந்துவிடும்.

இதில் விளங்காத புதிர், அடுத்தது எது என்பதை ராணி இருக்கும்போது மனிதனால் கண்டுபிடிக்க முடிவதில்லை. அதிகம் சண்டை போடுவதும் அல்ல, உடல் பெரியதும் அல்ல, சினைப்பை வளர்ந்ததும் அல்ல. ஆனால் குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது போலிருக்கிறது. கூட்டை இரண்டாக வெட்டி நடுவில் கம்பி வலை வைத்து, ராணியை ஒரு பக்கம் விட்டார்கள். ராணி இல்லாத பக்கத்தில் ஒன்று ஆவேசம் கொண்டது. பிறகு ராணியை அந்தப் பக்கம் மாற்றினார்கள். ராணியை இழந்த மறுபக்கத்தில் சில சோதனைகளில் புதிதாக ஒன்று கிளம்பியது. வேறு சிலவற்றில், முதலில் கிளம்பியதே மறுபக்கம் கொண்டுபோனாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உண்மையான வாரிசு ஒன்றே, அது எந்தப் பாதியில் மாட்டிக்கொண்டதோ அதைப் பொறுத்து முடிவு மாறுகிறது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். வாரிசை மற்றவை எதிர்த்துத் தாக்குவதும் இல்லை. பதவிச் சண்டையே இல்லாமல் பதவி கைமாறுகிறது.

சரி, வேலைக்காரக் குளவிக்கு இதில் என்ன லாபம்? பாடப்புத்தகப் பதில் 1964-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹாமில்டன் சொன்ன சொந்தபந்தக் கணக்கு. தேனீ, குளவி, எறும்பு இனத்தில் ஆண் கருவுறாத முட்டையிலிருந்து வருவதால், ஒரே தாய் தகப்பனின் சகோதரிகளுக்கிடையே மரபணு நெருக்கம் (இருவருக்கும் பொதுவான மரபணுக்களின் பங்கு) 0.75, சொந்த மகளோடு 0.5 மட்டுமே. அப்படியானால் மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம். அழகான வாதம், ஆனால் மார்ஜினேட்டாவில் ஓடவில்லை. ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்வதால் சகோதரிகளின் நெருக்கம் 0.53 ஆகக் குறைந்துவிடுகிறது. ராணிகள் அடிக்கடி மாறுவதால் வேலைக்காரி வளர்ப்பது தங்கையை மட்டுமல்ல, அக்கா மகளையும், இன்னும் தூரத்துச் சொந்தத்தையும். அப்படிச் சேர்த்துப் பார்த்தால் வளர்க்கும் குஞ்சோடு உள்ள நெருக்கம் 0.20 முதல் 0.38 வரைதான். 0.75 என்ற எண்ணைக் காட்டி "அதனால்தான் தியாகம்" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கும்.

விடை நெருக்கத்தில் இல்லை, ஆபத்தில் இருக்கிறது. முட்டை முழுக் குளவி ஆவதற்குச் சுமார் இரண்டு மாதம் வேண்டும். வேலைக்காரக் குளவியின் சராசரி ஆயுளோ சுமார் ஒரு மாதம். தனியாகப் போய்க் கூடு கட்டினால், நடுவில் செத்துப்போனால், அத்தனை உழைப்பும் வீண். பாதி வளர்ந்த புழுவை யாரும் வளர்க்க மாட்டார்கள். வெஸ்பா டிராபிகா என்ற பெருங்குளவி வந்து கூட்டையே காலி செய்வதும் உண்டு. கூட்டத்தில் இருந்தால் பத்து நாள் உழைத்துச் செத்தாலும் அந்தப் பத்து நாள் உழைப்பு வீணாகாது, மிச்சத்தை இன்னொன்று முடித்துவைக்கும். இதோடு இன்னொன்று: புதிதாக வெளிவந்த பெண் குளவிகளை ஒவ்வொன்றாகத் தனி ஜாடியில் வைத்து வேண்டிய இரையும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதி, சாகும்வரை முட்டையே இடவில்லை. புழுவாக இருந்தபோது எவ்வளவு தீனி கிடைத்தது என்பதோடு இது சம்பந்தப்பட்டது. வெளியே போனாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காதவை, இருக்கும் இடத்திலேயே வேலை செய்வதுதான் கணக்குக்குச் சரி. கூடவே ஒரு நாள் ராணியாகும் வாய்ப்பும் இருக்கிறது.

"வெளியே போனால் என்ன கிடைக்கும்" என்பதை வைத்து 1980-களிலிருந்து ஒரு கோட்பாடே வளர்ந்தது. தலைமை விலங்கு, உதவியாளரைத் தக்கவைக்கத் தேவையான அளவு மட்டும் பிள்ளைப்பேற்றில் பங்கு விட்டுக்கொடுக்கும் என்பது அதன் சாரம். தக்கவைப்புக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவி தனியாக இருந்தால் 1 குட்டி, இருவரும் சேர்ந்தால் 2, உதவியாளர் தனியாகப் போனால் அரைக் குட்டி என்று எடுத்துக்கொள்வோம். உதவியாளர் அந்நியமானால், தங்குவதற்கு அதற்கும் அந்த அரைக் குட்டியாவது வேண்டும், அதாவது இரண்டில் கால் பங்கு. உதவியாளர் தங்கை என்றால்? நெருக்கம் 0.5. பங்கே இல்லாமல் தங்கினால், அக்காவின் இரண்டு குட்டிகள் வழியாக அதன் கணக்கில் சேர்வது 1. போனால் சொந்தமாக அரை, தனியாக இருக்கும் அக்காவின் ஒன்றில் பாதி அரை, சேர்த்தால் அதுவும் 1. ஆக தங்கைக்கு ஒன்றுமே கொடுக்க வேண்டாம், அது தங்கிவிடும். அந்நியனுக்குக் கூலி உண்டு, சொந்தக்காரனுக்கு இல்லை. குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கணக்கு கச்சிதம். ஆனால் இதற்கு ஒரு அனுமானம் தேவை: யாருக்கு எவ்வளவு பங்கு என்பது முழுக்கத் தலைவியின் கையில் இருக்க வேண்டும். களத்தில் அப்படி இருப்பது அபூர்வம். எனக்கு நம்பிக்கை தருவது கயிறிழுப்புக் கோட்பாடுதான். இரு பக்கமும் இழுக்கின்றன, இழுப்பதற்கே சக்தி செலவாகிறது, அதனால் மொத்தக் குட்டிகளும் குறைகின்றன.

மீர்கேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில், குருமான் ஆற்றுக் காப்பகத்தில், டிம் கிளட்டன்-பிராக் குழு 1993 முதல் தொடர்ந்து பார்த்துவரும் கூட்டங்கள். ஒவ்வொரு விலங்கையும் அவித்த முட்டைத் துணுக்கு காட்டித் தராசில் ஏற்றிப் பழக்கியிருக்கிறார்கள், எடை கிராம் கணக்கில் தெரியும். தங்கும் குட்டிகளில் 100-க்கு 80 போலத் தலைவியுடையவை. மற்ற பெண்களுக்கு சினைப்பை வேலை செய்யாமல் இல்லை. வயது வந்தவை கருத்தரிக்கின்றன. அப்போது தலைவி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தன் கர்ப்பத்தின் பிற்பாதியில், போட்டியாகக்கூடிய பெண்களைக் கூட்டத்தைவிட்டு அடித்து விரட்டுகிறது. வெளியே தனியாக அலையும்போது அவற்றின் எடை குறைகிறது, மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, கரு கலைகிறது, மறுபடி கருத்தரிப்பதும் குறைகிறது. தலைவி ஈன்ற பிறகு பல சமயம் அவை திரும்பி வந்து, அந்தக் குட்டிகளைப் பார்த்துக்கொள்கின்றன, சில அவற்றுக்குப் பாலும் கொடுக்கின்றன. இரண்டு, மீறி யாராவது ஈன்றால் கர்ப்பமாக இருக்கும் தலைவி அந்தக் குட்டிகளைக் கொல்கிறது. இந்த இரண்டாவது வேலை ஒருவழிப் பாதை அல்ல. கர்ப்பிணியாக இருக்கும் சாதாரணப் பெண்ணும் தலைவியின் குட்டிகளைக் கொல்லும். கர்ப்பத்தின் பிற்பாதியில் மற்றவற்றை விரட்டுவது எதற்கு என்பது இதிலிருந்தே புரியும்.

இழுப்பதற்குச் செலவு ஆகிறது என்பதற்கும் சோதனை இருக்கிறது. சில கூட்டங்களில் தலைவியைத் தவிர மற்ற பெண்களுக்குக் கருத்தடை ஊசி போட்டார்கள். விரட்டுவது குறைந்தது. தலைவி அதிக நேரம் இரை தேடியது, எடை கூடியது. பிறந்த குட்டிகளும் கனமாக இருந்தன, நன்றாக வளர்ந்தன. அதாவது சாதாரணக் காலத்தில் தலைவி தன் பங்கைக் காப்பதற்கே இவ்வளவு விலை கொடுக்கிறது. 100-க்கு 80 என்பது சும்மா கிடைத்த எண் அல்ல. ஆயா வேலையும் லேசுப்பட்டது அல்ல. வளைக்குள் குட்டிகளோடு காவல் இருக்கும் மீர்கேட் அன்று முழுக்கப் பட்டினி, ஒரே நாளில் உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் குறையும்.

ஆண் மீர்கேட் பக்கம் சுருக்கமாக: கூட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஆண்களுக்குத் தலைவி தாயோ சகோதரியோ ஆகிவிடும். அதனால் தலைமை ஆண் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததாக இருக்கும். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான்.

இப்போது இதே கீரிக் குடும்பத்தில் நேர் எதிரானது ஒன்று. உகாண்டாவின் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவில், ம்வேயா தீபகற்பத்தில் வாழும் பட்டைக் கீரிகள். கூட்டத்துக்குச் சுமார் 20. பெரும்பாலான பெண்கள் குட்டி போடும், அதுவும் பாதிக்கு மேற்பட்ட ஈற்றுகளில் எல்லாப் பெண்களும் ஒரே இரவில், ஒரே வளைக்குள் ஈனும். விடிந்தால் யார் குட்டி எது என்று யாருக்கும் தெரியாது. முன்னதாக ஈன்றால், இன்னும் ஈனாத பெண்கள் குட்டியைக் கொன்றுவிடும் அபாயம் உண்டு. ரொம்பப் பிந்தினால், வளர்ந்த குட்டிகளோடு போட்டி போட்டுத் தன் குட்டி தோற்கும். நடுவில் ஒரே பாதுகாப்பான இரவுதான் இருக்கிறது. தன் குட்டியும் கலந்திருக்கலாம் என்பதால் எந்தத் தாயும் கொல்லத் துணியாது. இங்கேயும் கருத்தடைச் சோதனை செய்தார்கள். மூத்த பெண்கள் பெற முடியாதபடி செய்தபோது, இளையவை ஈன்ற மொத்த ஈற்றும் அழிவது அதிகமானது. இளையவற்றைத் தடுத்தபோது அப்படி ஆகவில்லை. சாதாரணக் காலத்தில் கண்ணுக்குத் தெரியும் அடக்குமுறை எதுவும் இல்லை, ஆனால் மிரட்டல் உள்ளேயே இருக்கிறது. யாரும் மீறாததால் அது வெளியில் தெரிவதில்லை.

உங்கள் கேள்வியில் இருந்த சிங்கத்துக்கும் இதுதான் சாவி. பெண் சிங்கம் ஈனும்போது கூட்டத்தைவிட்டு விலகிப் போய்ப் புதரில் மறைத்து ஈனும். குட்டிகளை மற்றவற்றிடம் கொண்டுவருவது நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். அதற்குள் குட்டி தப்பிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும், தாயும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு சிங்கத்தின் ஈற்றை இன்னொரு சிங்கம் அழிக்க வசதியே இல்லை, எதிராளிக்கும் தன் அளவு பல்லும் நகமும் இருக்கிறது. செரெங்கெட்டி, இங்கோரொங்கோரோ சிங்கங்களில் கிரெய்க் பேக்கரும் அன்னி பியூசியும் பல ஆண்டுப் பதிவுகளை அலசி, பெண்களிடையே பிள்ளைப்பேறு ஏறக்குறையச் சமம் என்று 2001-இல் காட்டினார்கள். ஆண்கள் கூட்டணியில் சமத்துவம் கிடையாது. கூட்டணி பெரிதானால் சிலவற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் பெரிய கூட்டணிகளில் இருப்பவை எல்லாம் சகோதர உறவாகவே இருக்கின்றன, அந்நியன் சேர்வது இரண்டு மூன்று பேர் உள்ள சின்னக் கூட்டணியில் மட்டும். கிர் காட்டுச் சிங்கங்களில் மேலாதிக்க ஆணுக்கு 70 சதவீதத்துக்கு மேல் இணைசேர்க்கை போகிறது.

அழிக்க வசதி இருந்தும் ஆள் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் கருவாலிக்கொட்டை மரங்கொத்தி. இரண்டு பெண்கள், பெரும்பாலும் சகோதரிகள், ஒரே பொந்தில் முட்டையிடும். முதலாவது முட்டையிட்டதும் இரண்டாவது அதைத் தூக்கிக்கொண்டுபோய் மரக்கிளைப் பள்ளத்தில் வைக்கும், கூட்டமே கூடிக் கொத்தித் தின்னும். முட்டையிட்ட பறவையே கூட வந்து தின்னும், அதுதான் கொடுமை. இரண்டாவதும் இடத் தொடங்கியதும், எது யாருடையது என்று தெரியாமல் போக, எடுப்பது நிற்கும். கூட்டு முட்டைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இப்படி வீணாகின்றன. பலன், முடிவில் இரண்டுக்கும் சம பங்கு.

தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் வெறும் அறிவியல் அல்ல, நஷ்டக் கணக்கு. பணித்தேனீக்கு சினைப்பை உண்டு. இணை சேராததால் அது இடும் முட்டை கருவுறாதது, ஆண் தேனீ மட்டும் வரும். ராணி நன்றாக இருக்கும் பெட்டியில் இது ஏன் நடப்பதில்லை? நடக்கிறது, மற்ற பணித்தேனீக்கள் அந்த முட்டையைக் கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன. ராட்னிக்ஸும் விஷரும் 1989-இல் இதைக் காட்டினார்கள். ராணி ஏறக்குறைய பத்து ஆண்களோடு சேர்ந்திருந்தால், பணித்தேனீக்கு ராணியின் மகனோடு, அதாவது தன் சகோதரனோடு, நெருக்கம் 0.25. இன்னொரு பணித்தேனீயின் மகனோடு 0.15 மட்டும். தனக்கென்றால் 0.5. ஆக ஒவ்வொன்றும் தான் முட்டையிட விரும்பும், பக்கத்துத் தேனீ இடுவதை விரும்பாது. ஆயிரக்கணக்கான காவலர்கள் உள்ள ஊரில் ராணி தானாக யாரையும் அடக்கத் தேவையில்லை. ராணியும் திறந்த புழு அடையும் விடும் வாசனை நின்றுபோனால், சில நாளில் காவல் தளரும், சினைப்பைகள் விழிக்கும். நம் இந்தியத் தேனீயில் இது மேற்கத்தியத் தேனீயைவிட வெகு சீக்கிரம் நடக்கும், தாமதிக்க இடமில்லை.

அடையாளம்: ஒரு அறைக்குள் இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேல் முட்டைகள். முட்டை அறையின் அடித்தளத்தில் நடுவில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருக்கும், ஏனென்றால் பணித்தேனீயின் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. பணித்தேனீ அறைகளில் மூடி தோட்டா மாதிரி மேலே புடைத்திருக்கும். அடை முழுக்க இடைவெளியாக, ஆண் தேனீ மட்டும் பொரியும். புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளம் ராணியும் முதல் ஒரு சில நாள் இரண்டு முட்டை வைக்கும். ஆனால் அது அடித்தளத்தில் வைக்கும். அதைப் பார்த்துப் பயந்து பெட்டியைக் கலைத்துவிடாதீர்கள்.

இந்த நிலையில் நேரே புது ராணியை விட்டால் கொன்றுவிடும். பெட்டியைத் தூரத்தில் கொண்டுபோய் உதறினால் முட்டையிடும் தேனீ திரும்பி வராது என்று சொல்வது நம்பிக்கைதான், அவையும் பறக்கும், திரும்பும். செய்ய வேண்டியது: ஆண் புழு நிறைந்த அடைகளை எடுத்துவிட்டு, நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றைத் தேனீ இல்லாமல் உதறிக் கொடுங்கள். திறந்த புழுவின் வாசனைதான் மருந்து. மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் இன்னொரு சட்டம். கூட்டம் ஏற்கெனவே சுருங்கிப் பழுத்த தேனீக்களாக இருந்தால் ராணிக்காகக் காத்திருப்பது வீண். மாலையில், ஊசியால் நாலைந்து துளை குத்திய செய்தித்தாளை நடுவில் விரித்து, பலமான ராணியுள்ள பெட்டியின் மேல் வைத்து இணைத்துவிடுங்கள். காகிதத்தைக் கடித்துத் தீர்ப்பதற்குள் வாசனை கலந்துவிடும்.

கடைசியாக ஒன்று விட்டுப்போகக் கூடாது. மேலே சொன்ன குறியீடு எல்லாம் ஒரு பருவத்துக்கான படம். ஒரு பருவத்தில் பூஜ்யம் வாங்கியது அடுத்த பருவத்தில் தலைவியாகலாம், அதனால் ஆயுள் முழுக்கக் கணக்கிட்டால் ஏற்றத்தாழ்வு மாறும். எப்போதும் குறையும் என்றும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதி நாடுகளில் (எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா) மண்ணுக்கடியில் வாழும் நேக்கட் மோல் ரேட் என்ற முடியில்லாத அகழெலியில், எழுபது எண்பது பேர் உள்ள கூட்டத்துக்கு ஒரே ஒரு ராணி. மற்ற பெண்களுக்கு சினைப்பை பருவமடையாத நிலையிலேயே நிற்கிறது. ராணி பல ஆண்டு வாழும், பெரும்பாலானவை முறை வராமலே சாகும். ஆனால் கூட்டத்தைவிட்டுப் பிரித்துத் தனியாக வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் அந்தச் சினைப்பை வேலை செய்யத் தொடங்கிவிடும். பூட்டு மட்டும்தான், உறுப்பு கெட்டுப்போகவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் காணப்படும் ஹார்பெக்னாதோஸ் என்ற குதிக்கும் எறும்பில் அந்தப் பூட்டு இரண்டு பக்கமும் திறக்கும். ராணி செத்ததும் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்து நாற்பது நாள் வரை மோதும். வென்ற சிலவற்றுக்குச் சினைப்பை பெரிதாகும், மூளை ஏறக்குறையக் கால் பங்கு சுருங்கும், ஏழு மாத ஆயுள் வருடக் கணக்கில் நீளும். அப்படி ஆன ஒன்றைச் சில வாரம் தனியே பிரித்து வைத்துத் திரும்பக் கூட்டில் விட்டால், மற்றவை அதைப் பிடித்து அமுக்கி அசையவிடாமல் வைத்துக்கொள்ளும். முட்டையிடுவது நின்றுபோகும். ஆறேழு வாரத்தில் மூளை பழைய அளவுக்கு வளர்ந்து, அது மறுபடியும் இரை தேடப் போகும்.